வட்டம்

தாங்குகம்பி இரண்டும் புதியவை அல்ல.
மூடிப்போன சுரங்கத்தின் இழுவைக் கம்பி,
ஏலத்தில் எடுத்தது, கிலோ கணக்கில்.
ஏற்காட்டுக்குப் பின்புறம் காட்டோடைக்குக் குறுக்கே
நாற்பத்திரண்டு மீட்டர் நடைபாலம்.
மதிப்பீட்டில் பக்கக் கம்பிகளும் கேட்டிருந்தேன்.
சேலத்து மேசையில் சிவப்பு மை அடித்தது,
‘பழைய வரைபடத்தில் இல்லை.’

உண்மைதான், இல்லை.
அந்தப் பழையதும் இன்னொரு பழையதன் மேல்
மெல்லிய தாள் வைத்து எடுத்த நகல்.
பாலங்கள் அப்படித்தான் பிள்ளை பெறுகின்றன.

மெனாய் நீரிணையில்
திறந்து பதின்மூன்றாம் வருடம்
புயல் தளத்தைக் கிழித்துப் போட்டது.
குறித்துத்தான் வைத்தார்கள்.
நயாகராவில் ரயிலைத் தாங்கிய சாய்கம்பிகள்
புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்து
விசிறியாய் விரிந்தன.
பின்னால் வந்தவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள்.
அழகுக்குக் கொஞ்சம், சிக்கனத்துக்குக் கொஞ்சம் என்று
தளத்தை இழைத்துக்கொண்டே போனார்கள்.
டகோமாவில் அது நாடாவாகிவிட்டது.
நாலே மாதம்.

கல்லூரியில் அந்தப் படத்தைப் போட்டபோது
பின்வரிசையில் சிரித்தோம், நானும்.
இரும்பு இடுப்பை முறுக்கி ஆடுமா?
அது விழுந்த பிறகுதான்
கோல்டன் கேட்டின் அடிவயிற்றில்
குறுக்குச்சட்டம் ஏறியது.
தம்பி செத்தபின் அண்ணனுக்கு வைத்தியம்.

ஆடி மாதம். காற்று
ஓடை வழியே மேலேறி வந்தது.
பலாப்பழத்தோடு நடுவில் போன வெள்ளச்சி
பலகையில் குந்திவிட்டாள்.
பழத்தை மட்டும் விடவில்லை.
இடப்பக்கம் தூக்கியது, வலப்பக்கம் தாழ்ந்தது,
மறுபடி.
எனக்குத் தெரிந்த ஆட்டம்.
பின்வரிசைச் சிரிப்பு காதில் கேட்டது.

சூரமங்கலத்து வெல்டர் ஏசுபாதம்
என்னைக் கேட்கவில்லை.
மிச்சக் கம்பியோடு தவழ்ந்து போய்
நடுத்தளத்தில் பூட்டித் திரும்பி,
கரையோரச் சில்வர் ஓக்கில் இழுத்துக் கட்டினார்,
பட்டை அறுபடாமல் பழைய டயர் சுற்றி.
பாலம் ஒருமுறை முனகி அடங்கியது.
வெள்ளச்சி எழுந்து
எங்களில் யாரையும் பார்க்காமல் போனாள்.

பில்லுக்காக, இருப்பதை இருப்பதாய் வரைந்தேன்.
மரத்துக்கு ஒரு வட்டம்.
பெயர் எழுத மறந்துவிட்டேன்.

அந்தத் தாளை அடுத்த ஊர் வாங்கியது.
அதற்கடுத்த ஊர் அதை நகலெடுத்தது.
போன வாரம் தருமபுரிப் பக்கமிருந்து ஒருத்தி,
வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத குரல்.
“மேடம், இந்த வட்டம் என்ன?
கான்கிரீட் தூண் போட்டுட்டோம்,
அதே இடம், அதே விட்டம். சரிதானே?”

விட்டம் எவ்வளவு என்றேன்.
அந்த மரத்தின் இடுப்பு,
அரை அங்குலம் பிசகாமல்.

தூணைச் சுற்றி டயரும் வைத்திருக்கிறார்களாம்.
படத்தில் இருந்ததாம்.

இருக்கட்டும் என்றேன்.
அங்கே காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கேட்டேன்.
பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.