வந்த நேரம்

என் வேலை உள்ளே போவதல்ல.
வாசலில் நின்று எழுதுவது.

நெருப்புக்குள் போகும் ஒவ்வொருவரும்
பெயர்வில்லையைக் கழற்றி என்னிடம் தருவார்கள்.
பலகையில் செருகுவேன்.
பெயருக்கு நேரே போன நேரம்,
முதுகில் சுமக்கும் காற்றின் அளவு,
கடைசிக் கட்டத்தில் வந்த நேரம்.
"பள்ளிக்கூட வருகைப் பதிவேடுதான் அக்கா,
கொஞ்சம் சூடு கூட" என்பான் லோகேந்திரன்.

அன்று துவாஸில்
பழைய மின்கலங்கள் அடுக்கிய கிடங்கு.
புகைக்கு நிறம் மாறிக்கொண்டே இருந்தது.
ஹஃபீஸ், இரண்டு ஏழு, இருநூற்றுத் தொண்ணூறு.
லோகேந்திரன், இரண்டு ஏழு, இருநூற்று எண்பத்தைந்து.
வில்லையைத் தரும்போது அவன் சொன்னது
கல்லில் பொறிக்கத் தக்கதல்ல:
"வண்டியில கோப்பி இருக்கு.
யாரும் குடிச்சிடாதீங்க."

இரண்டு இருபத்தொன்றுக்கு
ஹஃபீஸ் ஒருவரை இழுத்துக்கொண்டு வந்தான்.
இரவு வேலை முடிந்து
அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் உறங்கிப்போன
வங்காளதேசத்துத் தொழிலாளி.
ஒரு காலில்தான் செருப்பு.
அவரைத் தூக்கி ஹஃபீஸின் தோளில் போட்டவன்
இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தான்.
அந்த இரண்டடியில்தான்
மேல்தட்டு இறங்கியது.

காப்பாற்றப்பட்டவருக்கு என் பலகையில் வரி இல்லை.
ஆனாலும் ஓரத்தில் எழுதினேன்:
ஒருவர் வெளியே, 2.21.
பிறகு பேனாவை மூடாமல் பிடித்தபடி
நின்றேன்.
மை காயும் வரை
நின்றேன்.

வீரன் என்று எழுதினார்கள், மூன்று மொழிகளில்.
எழுதட்டும், பொய்யில்லை.
ஆனால் எனக்குத் தெரிந்தவன்
பல்லி விழுந்தால் கட்டிலை மாற்றிப் போடுகிறவன்.
சம்பள நாளில் கடன் கேட்கிறவன்.
அடுப்பில் சட்டியை வைத்து மறந்த வீடுகளுக்கு
எத்தனையோ இரவுகள் போயிருக்கிறோம்.
அடுப்பை அணைத்து, சன்னலைத் திறந்து
நாங்கள் இறங்கி வந்துவிடுவோம்.
அவன் மட்டும் கடைசியில் வருவான்,
கருகிய சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு.
"தனியா இருக்கிற மனுசன் அக்கா,
காலையில அதைப் பார்த்தா மனசு விட்டுப்போகும்."
அறிக்கையில் அதற்கும் கட்டம் இல்லை.

ஈசூனில், புளோக்கின் கீழ்த்தளத்தில்,
வாடகை நாற்காலிகளுக்கு நடுவே
அவன் மனைவி சுபாஷிணி என் கையைப் பற்றி
ஒன்றே ஒன்று கேட்டாள்.
"நேரம் எழுதுறது நீங்கதானே?
எத்தனை மணிக்கு வந்தாரு?"
அவனைக் கொண்டுவரும்போது இருட்டியிருந்தது.
அந்த நேரம் எனக்குத் தெரியும்.
வாய் சொன்னது வேறு:
இரண்டு இருபத்தொன்று.
பொய் சொன்னேனா?
இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மண்டாயில்
கண்ணாடிக்கு அப்பால் பெட்டி மெல்ல நகர்ந்தது.
இந்தப் பக்கம் சீருடையில் நாற்பத்திரண்டு பேர்.
எல்லாருக்கும் தெரியும்
ஒரு நெருப்பை என்ன செய்ய வேண்டுமென்று.
ஒருவரும் அசையவில்லை.
ஹஃபீஸின் விரல்கள் மட்டும்
இல்லாத குழாயை இறுக்கிப் பிடித்திருந்தன.

பலகையை விசாரணைக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.
புதியது வந்தது, பிளாஸ்டிக் வாடையோடு.
நேற்றிரவு புக்கிட் பாத்தோக்கில், ஒன்பதாம் மாடியில்,
தாழ்வாரம் முழுக்கப் புகை.
நான்கு பேர் வில்லையைத் தந்தார்கள்.
நான்கு முறை கை நடுங்கியது, எழுதினேன்.
சட்டிதான். யாருக்கும் ஒன்றுமில்லை.
மூவர் வந்துவிட்டார்கள்.
ஒரு கட்டம் காலி.

லிப்ட் கதவைப் பார்த்தபடி நின்றேன்.
ஒரு நிமிடம். இரண்டு. ஆறு.

வெய் லியாங் வந்தான், தலைக்கவசம் கக்கத்தில்.
ஏன் தாமதம் என்று நான் கேட்கவில்லை.
வில்லைக்கு நீட்டிய கையில்
பாத்திரம் கழுவும் சோப்பு மணந்தது.

எழுதினேன்: 9.46.