இயல்பான இழப்பு

வெலிங்டனில் புரட்டாசி
பீச் மரம் பூக்கும்போது வருகிறது.
எனக்கு விரதம். வேலையோ
நான்காம் விஸ்கிக் கிடங்கில்.

கேலடனிலிருந்து பார்லி மூட்டை மூட்டையாக வரும்,
ஏற்கெனவே முளைத்து, ஏற்கெனவே வறுபட்டு.
வேர் எட்டிப் பார்த்ததுமே சூட்டில் கிடத்திவிடுகிறார்கள்.
முளைப்பாரிக்காவது ஆறு கிடைக்கிறது.

கோலை இறக்குகிறேன், தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறேன்.
பீப்பாய் இருநூற்றுப் பதினேழு:
போன வருடத்தைவிட ஒரு விரற்கடை கீழே.
இந்த ஊர் வெயில் அவ்வளவு குடிக்கும்.
யாரும் திருடவில்லை என்பதற்குச்
சுங்கத் தாளில் ஒரு கட்டம் உண்டு: இயல்பான இழப்பு.
அதன் பக்கத்தில் என் கையெழுத்து: தனலுச்மி.
டர்பனில் எந்தக் குமாஸ்தாவோ
லட்சுமியை அப்படித்தான் காதில் வாங்கினான்.
நாங்களும் திருத்தவில்லை.

ஃபையெஸ் தூக்குவண்டியை அணைத்துவிட்டுக் கேட்கிறான்:
"மூச்சு இழுத்தாலே உள்ளே போகிறதே,
உன் சாமி ஒன்றும் சொல்லாதா?"
பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தொடாதவன்,
பதினோரு வருடமாக இதைத்தான் சுவாசிக்கிறான்.
முனீஸ்வரன் என்றால் கால் போத்தல் அவரே கேட்பார், என்றேன்.
பெருமாள்தான் கொஞ்சம் கண்டிப்பு.

பக்கத்து வீட்டு ஃபான் வேக் அம்மாளிடமிருந்து
மாதம் தவறாமல் ஒரு கடிதம்.
ஆவியைத் தின்று வளரும் கரும்பூசணம்
எங்கள் சுவரைத் தாண்டி
அவள் சுவரில், கொடிக்கயிற்றில், எலுமிச்சை மரத்தில்.
நிர்வாகம் சமாதானத்துக்கு
பன்னிரண்டு வருடப் போத்தல் ஒன்றை
என்னிடம் கொடுத்தனுப்பியது.
கதவைப் பாதி திறந்தவள்
போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இந்த வீட்டுக்குள் அது நுழைந்ததே இல்லை" என்றாள்,
தலைமுதல் கால்வரை கறுத்த
தன் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவளுக்கும் வந்திருக்க வேண்டும்;
உள்ளே போய் ஒரு பை நிறைய
எலுமிச்சை கொண்டுவந்தாள்,
கரி அப்பியதுபோல ஒவ்வொன்றும்.

மூன்று தண்ணீர் விட்டுத் தேய்த்தேன்.
சனிக்கிழமைத் தளிகைக்குப் போக மீதியை
உப்பும் மிளகாயும் போட்டு ஊறவைத்தேன்.
போத்தல் இன்னும் காரின் பின்னிருக்கையில்
பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது,
ஐப்பசி வரட்டும் என்று.

ஃபையெஸ் ஊறுகாயில் ஒரு துண்டை
நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம்
கிடங்கின் கூரையையே பார்த்தான்.
பிறகு கேட்டான்:
"இதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?"