சனிக்கிழமைக்கு இருட்டு வேண்டும்

மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவள்
இருட்டைத் தேடி அலைகிறாள் என்று
பீர் முகைதீன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறான்.
சிரிக்கட்டும். எட்டு அங்குலத் தொலைநோக்கி அவனுடையது,
அதை ஏற்றிவரும் ஆம்னி வேனும்.

பழைய இடம் போய்விட்டது.
கங்கைகொண்டான் பாறைமேல் உட்கார்ந்தால் இப்போது
கீழ்வானம் விடியாமலேயே விடிந்து கிடக்கிறது.
புதிய இடம், மூலைக்கரைப்பட்டிக்குத் தெற்கே
ஒரு மானாவாரிக் குளம்.
போன மாதம் ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தேன்.
வடக்கே திருநெல்வேலி ஒரு மங்கல் கொப்புளம்.
தென்மேற்கே காற்றாலைகளின் சிவப்புக் கண்கள்
ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின.
மீதி முழுக்க வானம்.
உடைமுள் டயரில் ஏறியதே
திரும்பும்போதுதான் தெரிந்தது.

தேதி குறிப்பதுதான் பெரும்பாடு.
எங்களுக்கு நிலா இல்லாத இரவு வேண்டும்,
வன்னியப்பெருமாளுக்கு அது தை அமாவாசை.
அம்மாவுக்கு முதல் வருஷம்.
ஞாயிறு விடியக் குறுக்குத்துறையில் நிற்க வேண்டும்.
ஜெபகனி டீச்சருக்கு ஏழு மணி ஆராதனை.
நாட்காட்டியில் ஒரே கட்டம்.
அவன் எள் எடுத்து வைக்கிறான்,
நான் சிவப்புக் கண்ணாடித்தாளும் ரப்பர் பேண்டும்
டார்ச்சுகளின் வாயைக் கட்ட.
சனி இரவு போய், மூன்றரைக்குக் கிளம்புவதாக முடிவானது.

பதினொரு பேர். பெண்கள் நாலு.
ராத்திரி நாங்கள் எங்கே ஒதுங்க என்று கேட்டேன்.
ஆண்கள் எல்லோரும் அப்போதே வானம் பார்த்தார்கள்.
பள்ளிக்கூடத்துச் சாவியை நானே போய் வாங்கினேன்.

தொல்லை ஒன்றே ஒன்று.
கரைக்கு அந்தப் பக்கம், சாலை வளைவில் ஒரு தெருவிளக்கு.
கம்பம் எண் பதினேழு.
ஐப்பசியில் இணைப்புக் கொடுத்தது நான்தான்.
"ஒரு ராத்திரி அமத்திப் போட்டா என்னக்கா,
ஃபியூஸ் உங்க கையிலதானே" என்றான் பீர்.
பொய் சொல்ல மாட்டேன்,
நானும் அதே நினைப்பில்தான் நேற்று அங்கே போய் நின்றேன்.

அந்தி நேரம்.
பீடிக்கட்டுகளைக் கம்பெனியில் எண்ணிக் கொடுத்துவிட்டு
வெறும் தட்டோடு வந்தாள் பேச்சித்தாய்.
விளக்கு கேட்டு வந்த மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது,
சாய்ந்து சாய்ந்து எழுதிய எழுத்து.
"இந்த லைட்டு வந்தபொறவுதான்
கையில கல்லு வச்சிக்கிடாம நடக்கேன்" என்றாள்.
நாய்க்கா ஆளுக்கா என்று நான் கேட்கவில்லை.

ஆகவே, குளத்துக்குள் இறங்கிவிடுகிறோம்.
கரை விளக்கை மறைத்துக்கொள்ளும்.
எண்பது அடி தள்ளிப் போட்டால்
தெற்கில் தாழக் கிடக்கும் மெகல்லன் மேகமும் தப்பிவிடும்.
அகத்தியனுக்குக் கவலையில்லை,
அது கரைக்கு வெகு மேலே நிற்கும்.

குளத்துக்குள் எப்படி என்கிறீர்களா?
தண்ணீர் இல்லை. கார்த்திகையும் ஏமாற்றிவிட்டது.
வெடித்த வண்டல், தொலைநோக்கி ஆடாத தரை.
அதைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது.
அடுத்த நிமிஷமே வெட்கமும்.

"என்னத்தப் பாக்கப் போறிய?"
சொன்னேன்.
"மேகம் அடைச்சிக்கிட்டா?"
ஒன்றும் தெரியாது என்றேன்.
தட்டை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.
"அப்ப மழை வரப்புடாதுன்னா கும்பிடுதிய?"

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளோடு
பத்து மணிக்குமேல் அவளும் வருகிறாள்.
பட்டியலில் பதினொன்றை அடித்துப் பதிமூன்று என்று எழுதினேன்.
கொசுவர்த்தியையும் அடித்தேன், லென்ஸில் புகை படியும்.
விரிப்புகளோடு பெரிய தார்ப்பாய் ஒன்றைச் சேர்த்துக் கட்டினேன்.
எதற்கு என்று பீர் கேட்பான்.
பனிக்கு என்று எழுதி வைத்திருக்கிறேன்.