நாலாம் நம்பர் கட்டி

பனியன் வேஸ்ட்டில் சுற்றி
வெள்ளக்கோவில் பஸ் கண்டக்டரிடம்
கொடுத்தனுப்பியிருந்தாள் மயிலாத்தாக்கா.
நாலு கட்டிகள். மேலே ஆணியால் கீறிய எண்கள்.
"மேலுக்குப் போடற சோப்பு இல்ல கண்ணு,
மூஞ்சி செரைக்கறதுக்கு.
நீ லேப்புல இருக்கறவன். ஒளிக்காமச் சொல்லு."

சாயப்பட்டறை லேப்பில் பதினோரு வருசம்.
எதையும் தாளில் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவேன்.

ஒன்று: காரம். தாள் கருநீலமானது.
மூக்கடியில் மட்டும் வைத்துப் பார்த்தேன்,
மாலை ஷிப்ட் முழுக்க எரிந்தது.
இரண்டு: பழுப்பு. பால் கருகிய வாடை.
பாயசம் அடிப்பிடித்த அன்று
யாரும் எதுவும் பேசாமல் சாப்பிடுவோமே, அந்த வாடை.
மூன்றில் மல்லிகை சென்ட் ஊற்றியிருந்தாள்.
கல்யாண மண்டபத்துக்குள்
ஆடு நுழைந்த மாதிரி இருந்தது.

நாலு.
தந்த நிறம் என்று எழுதப் போனது கை.
இல்லை, நேற்றைய தயிரின் மேலாடை.

ஞாயிறு காலை ஆறு மணி.
நைலான் பிரஷ், சில்வர் கிண்ணம், போர் தண்ணீர்.
சுழற்றினேன், சுழற்றினேன்.
நுரை வரவில்லை.
கிண்ணத்தின் ஓரத்தில்
பால் திரிந்துகொண்டிருந்தது.
எங்கள் தெரு போரின் உப்புக் கணக்கு எனக்கு மனப்பாடம்.
அந்தத் தண்ணீரில் யார் பருப்பும் வேகாது.

நல்ல தண்ணீர் ஒன்பது நாளுக்கு ஒருமுறை.
நீல ட்ரம்மின் மூடியைப் பூனை போல் தூக்கி
ஒரு டம்ளர் திருடினேன்.
உள்ளேயிருந்து பூங்கோதை:
"ட்ரம்மு சத்தம் கேட்டுச்சுங்க."
"காப்பிக்கு," என்றேன்
கன்னமெல்லாம் ஈரமாக.

அப்புறம் ஏறியது பாருங்கள்,
ஜின்னிங் மில்லில் யாரோ
கதவைத் திறந்துவிட்டது போல.
ட்யூப் க்ரீமின் நுரை வெறும் காற்று.
இதற்கு எடை இருந்தது.
ப்ளேடு போன தடத்தில்
தோல் வழிவிட்டு நின்றது.
கன்னம், தாடை.
மேலுதட்டுக்காக மூக்கைத் தூக்கிப் பிடிக்கையில்
எந்த ஆணும் கொஞ்சம் கோமாளிதான்.
தாடி வைத்த ஒன்றின் பாலால்
தாடியை எடுக்கிறேன் என்று
கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன்.

பிறகு கழுத்து.
அண்ணாந்து, ப்ளேடை வைத்த இடத்தில்
கை நின்றுவிட்டது.

மாசி மாதம். கொறங்காடு.
கிளுவை வேலியில் ஓர் ஆள் நுழையும் சந்து.
நாலு நாய்கள்.
விடிந்தபோது பட்டியில் ஆறு குட்டிகள்.
வேறெங்கும் காயமில்லை,
எல்லாம் கழுத்தில்.
மனுவோடு வைக்கப் போட்டோ எடுத்தவன் நான்.
தாய் ஆடுகள் இரண்டு நாள் கத்தின.
மடி கட்டிப்போய்க் கல்லானது.
"பீச்சாம உட்டா சீக்கு வந்துரும்.
எங்கூட்ல ஆரும் ஆட்டுப்பால் குடிக்கறதில்ல.
மண்ணுல ஊத்தக் கை வரல கண்ணு."
ஐஸ் தட்டுகளில் ஊற்றி
ஃப்ரீசர் முழுக்க அடுக்கினாள்,
மீன்காரன் கடை போல.
கிளறுவதை அதற்கப்புறம்தான் போனில் பார்த்துப் பழகினாள்.

மேலிருந்து கீழே ஒரே இழுப்பு.
கீறவில்லை.

ஆறரைக்குக் கூப்பிட்டேன்.
"நாலு சரிங்க்கா. காரம் அடங்கிருச்சு.
சென்ட்டு வேண்டாம்.
அட்டையில ஒரு வரி மட்டும் போடுங்க,
நல்ல தண்ணியிலதான் நொரைக்கும்னு."
"நொர நின்னுச்சா?"
"நின்னுச்சு."
"எத்தன நேரம்?"
"கழுத்து முடியற வரைக்கும்."

ஆடிக் காற்று போனுக்குள் இரைந்தது.
எழுதிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.
"இன்னும் எட்டுத் தட்டுப் பால்தான் இருக்குது.
செவலை மறுக்காச் செனை.
இனிப் பீச்சறதுக்கில்ல, குட்டிக்கு வேணும்."
"வேலிச் சந்து?"
"அடைச்சாச்சு. ரெண்டு வாட்டி."

தாடையைத் தடவியபடி வெளியே வந்தேன்.
பூங்கோதை ட்ரம்மின் மூடியைத் திறந்து
விரலை விட்டு
அளந்துகொண்டிருந்தாள்.