இரண்டும் இடது

பெட்டியைத் திறந்தேன்.
இரண்டும் இடது.

முதலில் என் கண்களைச் சந்தேகித்தேன்,
பிறகு என் கால்களை.
பகல் முழுக்கப் பாலிகிளினிக்கில்
இடது கையை நீட்டுங்கள், இடது கையை நீட்டுங்கள் என்று
ரத்தம் எடுக்கிறவள் நான்.
எவனோ பழிதீர்க்கிறானோ என்றுகூட நினைத்தேன்.

கராகந்தியில் நவம்பர்.
வெளியே சுழியத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
பழைய பூட்ஸின் அடி
கொட்டாவி விடும் நாயின் வாய் போலப் பிளந்து கிடந்தது.

நான்கு பக்கம் தள்ளிய பிறகு
'புகார்' என்றொரு பொத்தான்.
படம் அனுப்பினேன்.
'உங்கள் அதிருப்திக்கு வருந்துகிறோம், ரௌஷான்.'
இரண்டே விநாடி.
இத்தனை வேகமாக யாரும் வருந்தி
நான் பார்த்ததில்லை.

விற்றவர் மறுநாள் எழுதினார்:
நிறம் கறுப்பு, அளவு முப்பத்தெட்டு, எண்ணிக்கை இரண்டு.
எல்லாம் சரியாகவே உள்ளது.
ஒருவேளை கண்ணாடியில் பார்த்துப் படமெடுத்தீர்களா?

இல்லை.

அப்படியானால் பெட்டியைத் திறக்கும் காணொளி?

பூட்ஸ் பெட்டி திறப்பதை
யார் ஐயா படம்பிடிப்பார்கள், அதென்ன கல்யாணமா
என்று எழுதி, அழித்து,
'இல்லை' என்று மட்டும் மறுபடி அனுப்பினேன்.

ஆறாம் நாள் சமரசம் பேசினார்.
பதினைந்து சதவீதம் திருப்பித் தருகிறாராம்,
பொருளையும் நானே வைத்துக்கொள்ளலாமாம்.
செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டச் சொல்வது கேட்டிருக்கிறேன்.
தள்ளுபடியில் வெட்டச் சொன்னது
இவர்தான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
அவர் கடை வாங்கிய ஒற்றை நட்சத்திரங்களை
ஒவ்வொன்றாக வாசித்தேன்.
ஜிப் போனவர். ரப்பர் வாடை பொறுக்காதவர்.
பூட்ஸ் கேட்டு வாணலி வந்தவர்,
ஆனாலும் வாணலி நன்றாக இருக்கிறது என்று எழுதியவர்.
நாற்பத்தொன்றாவது
எர்னா கெர்பர், தெமிர்த்தாவ்:
'இரண்டும் வலது. என்ன விளையாட்டு இது?'

அளவு என்ன என்று கேட்டேன்.
விடியுமுன் பதில்:
முப்பத்தெட்டு.
நீங்கள் இடதா?

தெமிர்த்தாவ் பேருந்து நிலையத்தில்
பிணைக்கைதிகளைப் பரிமாறுவதுபோல
ஒன்று கொடுத்து ஒன்று வாங்கினோம்.
பெஞ்சில் பனி உறைந்திருந்ததால்
நின்றபடியே, ஒற்றைக் காலில்,
என் தோளை அவள் பிடிக்க
அவள் பையை நான் பிடிக்க.
உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறாளாம்.
மேலேயிருந்து பார்த்தால்
எல்லாம் ஜோடியாகத்தான் தெரியும் என்றாள்.

என் வலது ஒரு சாயல் வெளுப்பு.
அவள் இடது நடக்கும்போது கீச்சிடுகிறது.
அதற்கெல்லாம் புகார் சொல்ல
இருவருக்கும் தெம்பில்லை.
ஆளுக்கொரு சம்சா தின்றோம். சூடு நாக்கைச் சுட்டது.

பன்னிரண்டாம் நாள் தீர்ப்பு வந்தது.
வழக்கு எனக்குச் சாதகம்.
இருபத்தெட்டாயிரம் டெங்கே, ஒரு காசு குறையாமல்.
எர்னாவின் வழக்கு தள்ளுபடி:
ஆதாரம் போதாது.
அதே கறுப்பு, அதே அளவு,
மறு கால்.

பாதியை உனக்கு அனுப்புகிறேன் என்றேன்.
எனக்குத்தான் பூட்ஸ் வந்துவிட்டதே,
உனக்கும் வந்துவிட்டது, அது அவன் காசு என்றாள்.
சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்து,
வெட்டிப் பேச்சு பேசிவிட்டேனோ என்று சிரித்தாள்.

திருப்பித் தரலாம் என்று தேடினேன்.
உடைந்தது, வரவில்லை, வேறு பொருள் வந்தது
எல்லாவற்றுக்கும் பொத்தான் உண்டு.
நியாயம் அளவுக்கு மீறி வந்துவிட்டது என்பதற்கு இல்லை.
'மற்றவை' என்பதை அழுத்தி
நடந்ததை நடந்தபடி எழுதினேன்.
வருந்தினார்கள்.
படம் கேட்டார்கள்.

வேலை முடிந்து வந்து
கதவுக்கு வெளியே, பனி அப்பிய கால்களோடு
ஒன்று எடுத்து அனுப்பினேன்,
ஒரு இடது, ஒரு வலது.

இன்று காலை விற்றவர் கேட்டிருக்கிறார்:
இதில் எந்தக் கால் தவறு?