இரண்டு அரைப்போத்தல்

எங்கள் காம்பராவில் போத்தல் இரண்டு.
இரண்டும் சாராயம் இருந்தவை.
வெந்நீரில் புரட்டிக் கழுவி
வெயில் வந்த ஒருநாள் பார்த்துக் கவிழ்த்துவைத்தவை.
ஒன்றில் ஓமம், ஒன்றில் பன்னீர்.
எழுதி ஒட்டவில்லை.
ஓமத்தின் கழுத்தில் கறுப்பு நூல்;
இருட்டில் தடவினால் விரல் சொல்லும்.

கைப்பிள்ளை வீரிடும் நேரம்
பெரட்டு மணி பார்த்து வராது.
மூன்றாம் காம்பராவில் சத்தம் கேட்டு
நான் எழும்புமுன் கதவு தட்டும் ரதிமலர்.
அரைக்கரண்டி, இளஞ்சூட்டில்.
நாக்கால் துழாவி, முகம் சுளித்து,
பிறகு ஓர் ஏப்பம்.
பிறகு பன்னிரண்டு காம்பராவும் தூங்கும்.

வடிக்கிறது பெரிய வித்தையில்லை.
சோற்றுப்பானைக்குள் செங்கல் துண்டு,
அதன்மேல் பீங்கான் கோப்பை,
சுற்றிலும் தண்ணீர், இடித்த ஓமம்.
மூடியைக் கவிழ்த்துப் போட்டு
ரொட்டி மாவால் விளிம்பை அடைத்து
மூடியின் குழியில் பீலித்தண்ணீர் ஊற்றவேண்டும்.
சுட்டதும் வழித்தெடுத்து, மறுபடி.
மேலே போன ஆவி குளிரில் முட்டி
போக வழியில்லாமல் சொட்டாய் இறங்கும்.
மார்கழிப் பீலி கையைக் கடிக்கும்.
மூடிக்கு அந்தக் கடிதான் வேண்டும்.

அப்புத்தளை மருந்துக்கடைக்காரர்
இதற்குத் தீநீர் என்று பெயர் சொன்னார்.
தீயும் நீரும் ஒரே சொல்லுக்குள்
சண்டையில்லாமல் எப்படி என்று
அடுப்படியில் யோசிக்கத் தொடங்கினேன்.
விறகு ஈரம்.
ஊதியதில் யோசனைதான் அவிந்தது.

பன்னீர்க் கதை வேறு.
என் வீட்டுக்காரர் மருதை பங்களாத் தோட்டத்தில் வேலை.
வாடத் தொடங்கும் ரோஜாவை
வெட்டிக் குழியில் போடச் சொல்லி உத்தரவு.
குழிக்குப் போகும் வழியில்
ஒரு சாக்கு மட்டும் லயத்துப் பக்கம் திரும்பும்.
மருந்தடிக்காத கிழக்குப் பாத்திப் பூ மட்டுமே;
களவிலும் அவருக்குக் கண்டிப்பு உண்டு.

புதுத் துரை வந்த அன்று
ஆபீஸ் முற்றத்தில் மாலை, தப்பு, கும்பிடு.
கோயில் செம்பில் என் பன்னீர்,
தெளித்ததும் நான்தான்.
துரை தோளைத் திருப்பி மோந்தார்.
"நல்ல வாசம். எங்க வாங்கினது?"
"கண்டியில, சேர்" என்றார் கணக்கப்பிள்ளை.
மருதை தன் கைக்கீறல்களை
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.
பங்களாப் பூ பங்களாவுக்கே போனது.
இடையில் என் அடுப்பு இருந்தது
எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.
அந்தச் சந்தோசத்தில்
கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சன்னாசி செத்தார்.
கவ்வாத்துக் கத்தியோடு முப்பது வருசம்.
சம்பளத்துக்கு மறுநாள் தவறாமல்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்:
"ஒரு மூடி ஓமம் குடு, தங்கச்சி.
நேத்து கொஞ்சம் கூடிப்போச்சு."

மேலே தெளிக்கப் பன்னீர் கேட்டு வந்தார்கள்.
கவிழ்த்தேன். மூன்று சொட்டு.
ரோஜாப் பாத்தியை வெட்டியாயிற்று,
மண் சரிந்து பஸ்ஸும் இல்லை.
தட்டைத் தடவினேன். நூல் தட்டுப்பட்டது.

"அது ஓமம், அக்கா" என்றாள் ரதிமலர்.
தெரியும் என்றேன்.

நெற்றியில், நெஞ்சில்,
வயிற்றில் கொஞ்சம் கூடுதலாக.
யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்,
அப்படியே அழுதார்.
மழைக்குள் பெட்டி இறங்கிப்போன பாதையெல்லாம்
பால் குடித்து ஏப்பம் விட்ட
பிள்ளையின் வாசம்.

அன்றிரவு மூன்றாம் காம்பராவில் அழுகை.
கதவைத் திறக்கும்போதே
போத்தல் காலி என்பது நினைவு வந்தது.
ரதிமலர் பிள்ளையைத் தோளில் போட்டுத்
தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.
நான் ஓமம் இடித்தேன்.
மருதை மாவு பிசைந்தார்.
மூடிமேல் பீலித்தண்ணீர் ஊற்றிவிட்டு
மூவரும் பானையில் காதை வைத்தோம்,
முதல் சொட்டு எப்போது விழும் என்று.