மூன்றரை மணிக் கடல்

பம்புசெட் விற்றதில் தென்மண்டலத்தில் முதலிடம்.
கம்பெனி தந்த பரிசு
மெக்சிகோவில் ஐந்து இரவு.

வந்த அன்றே மணிக்கட்டில்
ஆரஞ்சுப் பட்டை ஒன்றை மாட்டி
அதன் வாலைக் கத்தரித்தாள் வரவேற்பறைப் பெண்.
இது இருக்கும்வரை எதற்கும் காசில்லை.
கழற்ற முடியாது,
போகும்போது வெட்டிக்கொள்ளலாம்.

துண்டை முறுக்கி அன்னம் செய்து
கட்டிலில் விட்டிருந்தார்கள்.
கலைக்க மனமில்லாமல் ஓரமாகப் படுத்தேன்.
தலையணைக்கென்று தனிப் பட்டியல்,
ஏழு வகை.
ஏழிலும் தூக்கம் வரவில்லை.
உடம்பு இன்னும்
ஊரின் பிற்பகல் இரண்டு மணியில்
பில் போட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் இரவு, மூன்றரைக்கு,
செருப்பை அறையிலேயே விட்டுக்
கடற்கரைக்கு இறங்கினேன்.

விளம்பரத்தில் பார்த்த கடல் அங்கே இல்லை.
கரை நெடுக முழங்கால் உயரத்துக்குப்
பழுப்பாய்க் கடற்பாசி.
அழுகிய முட்டை நாற்றம்.
நெற்றியில் விளக்குக் கட்டிய இருபது பேர்
முள்வாரியால் அதைக் கோரித்
தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
சத்தம் குறைத்த ரேடியோ ஒன்று.

ஒருவர் என்மேல் வெளிச்சம் அடித்தார்.
கறுத்த முகம், வெள்ளைச் சட்டை, வெறுங்கால்.
ஏதோ திட்டினார்,
தாமதத்துக்காக இருக்கும்.
வாரி ஒன்றை நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்காதீர்கள்.
மூன்று நாளாய்
ஒரு கதவைக்கூட நானாகத் திறக்கவில்லை.

எல்லோரும் அவரை மயெஸ்த்ரோ என்றார்கள்.
எனக்கு மேஸ்திரி என்றே கேட்டது.

பாசி பார்க்கத்தான் பஞ்சு,
தூக்கினால் நனைந்த மெத்தை.
ஆறாவது கோரலில்
முதுகு என்னுடையதுதான் என்று தெரிந்தது.
பக்கத்தில் இருந்தவன் என் கீழ்க்கையை
இன்னும் கீழே இறக்கி வைத்தான்.
சட்டையில் தைத்த பெயர்: வில்பெர்த்.
பிஷ் அ பேல், என்றான்.
ஸ்பானிஷ் இல்லை, வேறேதோ.
தலையாட்டினேன். சிரித்தான்.
பாசிக்குள் துடித்த
விரல்நக அளவு மீன்களை
அவ்வப்போது பொறுக்கித் தண்ணீரில் விட்டான்,
எல்லாவற்றையும் அல்ல,
கண்ணில் பட்டதை.

வானம் வெளுக்கையில்
வியர்வை துடைக்கக் கையை உயர்த்தினேன்.

பட்டை.

அவன் விளக்கு அதில் விழுந்து
அங்கேயே நின்றது.
யாரோ ரேடியோவை அணைத்தார்கள்.

மேஸ்திரி ஓடிவந்து தொப்பியைக் கழற்றினார்.
தூங்கும் பிள்ளையிடம் பொம்மையை உருவுவதுபோல்
வாரியை என்னிடமிருந்து உருவினார்.
பெர்தோன், சென்யோர், பெர்தோன்.
என் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்தவர்
அதற்குமேல் பேசவில்லை.
எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் நான்கு சொல்,
மூன்று சாப்பாடு.
நான்காவதைச் சொன்னேன்: கிராசியாஸ்.
அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

ஆறு மணிக்குச் சீப்புக் கட்டிய டிராக்டர் வந்து
மணலை வாரிவிட்டுப் போனது.
எங்கள் காலடிகள்
(அவர்கள் காலடிகள், என் காலடிகள்)
போயின.
எட்டு மணிக்கு ஒரு கனடாக்காரி
முதல் பாதம் பதித்து என்னிடம் சொன்னாள்:
இந்த ஊரில் கடல் தானாகவே எவ்வளவு சுத்தம்!
பப்பாளித் துண்டை வாயில் வைத்திருந்தேன்.
விழுங்க நேரமாயிற்று.

வில்பெர்த் பச்சைச் சீருடையில்
சருகு ஊதிக்கொண்டு வந்தான்.
கையை உயர்த்தினேன்.
மணிக்கட்டைப் பார்த்து வணக்கம் சொன்னான்,
எல்லா மணிக்கட்டுக்கும் சொல்வதுபோல.

மாலையில் மதுக்கூடத்துப் பெண்ணிடம் கேட்டேன்,
பிஷ் அ பேல் என்றால் என்னவென்று.
மாயா மொழி, என்றாள்.
சௌக்கியமா என்று அர்த்தம்.
அப்படியே சொன்னால்,
உன் வழி எப்படி இருக்கிறது.
எலுமிச்சை பிழிந்தபடி கேட்டாள்:
யார் சொன்னது?
மறந்துவிட்டேன், என்றேன்.

அன்றிரவும் மூன்றரைக்கு விழிப்பு வந்தது.
பால்கனியில் நின்றேன்.
கீழே விளக்குகள் நகர்ந்தன.
எண்ணினேன், பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன், பத்தொன்பது.
ஒன்று வண்டிக்குப் பின்னால் இருக்கலாம்.
ஒன்று குனிந்து மீன் பொறுக்கலாம்.